விசிறி நிற்கும் இடம்

சுவிட்சை அழுத்தியதும் கம்ப்யூட்டரின் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. கரண்ட் போனால் விசிறி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, மனசில்லாமல்தான் நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. உள்ளே யாரோ விரலை விட்டுப் பிடித்துக்கொண்டது போல நின்றது.

அவள் மறுபடி அழுத்தினாள். இந்த முறை அந்த அரைச் சுற்றும் இல்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழன்று தரையில் கிடக்க, திறந்த வயிற்றிலிருந்து புது ஒயர்களின் ரப்பர் வாசனையும், எத்தனையோ மாதத்துத் தூசியின் வாசனையும் கலந்து வந்தன. வெளியே மதியம் இரண்டு மணிக்கே மேகம் கவிந்து, ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. மேஜையை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் மகள் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று ஒரு நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இந்தப் பத்து நாளில் வந்திருந்தது.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவள் அப்பா கேலி செய்வார். அந்த வாய் பத்து நாளாக ஓய்ந்து கிடக்கிறது. காய்ச்சல் என்று சொல்லவும் முடியவில்லை, உடம்பு சுடவில்லை. மாறாகச் சில்லென்று இருந்தது. சாப்பிட்டது எங்கே போகிறதென்று தெரியவில்லை, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகக் குழந்தை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மாமியார் மட்டும் ஃபோனில், "நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாரும்மா" என்று சொல்லிவைத்தார். அவளுக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி, இன்று பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து ஃபோன் வந்தது. ஸ்கேன் படங்களை ஐந்து மணிக்குள் அனுப்பினால் இன்றே பார்த்துச் சொல்வார். விட்டால் அவர் வெளிநாடு போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகும். படங்கள் சிடியில் இருந்தன. சிடியைப் போட இந்தக் கம்ப்யூட்டரை விட்டால் வேறு வழியில்லை. கணவர் ஆலைக்குள் இருந்தார், ஆறு மணிக்கு வேலை முடிந்துதான் அவர் கையில் ஃபோன் வரும். அக்கம்பக்கத்து வீடுகள் வேலைநாள் என்பதால் பூட்டிக் கிடந்தன. குழந்தையைத் தனியாக விட்டுப் போக முடியாது. இரண்டு வாரம் இந்தக் குழந்தை தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஹாலுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வேறு ஊரில் கம்ப்யூட்டர் மெக்கானிக். பழைய பவர் சப்ளை செத்துவிட்டது என்று அவன்தான் புதியதைக் கூரியரில் அனுப்பியிருந்தான். காலையில் அது வந்ததும், ஃபோனில் அவன் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு அவள்தான் மாட்டினாள். மகளின் அறைக்குள் ஃபோனைக் கொண்டுபோனால் அணைந்துவிடும். பேட்டரி பழசு என்று நினைத்திருந்தாள்.

"ஓடலடா."

"பின்னாடி சின்ன சுவிட்ச் இருக்குமே, போட்டியா?"

"போட்டேன்."

"பிராசஸர் பக்கத்துல நாலு ஓட்டை பிளக்? எல்லாரும் மறக்கறது அதைத்தான்."

"அதுவும் மாட்டியாச்சு. நீ சொன்னதை வரிசையா எழுதிவச்சுத்தான் செஞ்சேன்."

"சரி, அப்ப ஒவ்வொண்ணா கழட்டு. ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ், ரேம், ஒண்ணு கழட்டினதும் ஒரு தடவை போட்டுப் பாரு. எதைக் கழட்டினதும் ஓடுதோ, அதுதான் கோளாறு. எங்க வேலையே அவ்வளவுதான்க்கா, மத்ததெல்லாம் சும்மா படம் காட்றது."

அவள் கழற்றினாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சுவிட்சை அழுத்தினாள். இல்லை. சிடி டிரைவ். இல்லை. கடைசியில் மதர்போர்டைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போதும் அது பேசவில்லை. முழங்காலிட்டே இருந்ததில் கால் மரத்துப்போனது. கட்டில் பக்கமிருந்த வலது கை மட்டும் தோள்வரை சில்லிட்டிருந்தது. குழந்தைக்குக் குளிரும் என்று ஜன்னலைச் சாத்தினாள். குளிர் குறையவில்லை.

"அப்ப பவர் சப்ளை டப்பாவையே சோதிச்சிடலாம்" என்றான் தம்பி. "பெரிய பிளக்ல பச்சை ஒயர் ஒண்ணே ஒண்ணு இருக்கும். அதையும் பக்கத்துல ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால சேர்த்து வை. டப்பா நல்லா இருந்தா அதுக்குள்ள இருக்கிற விசிறி சுத்தும். கிளிப் மாட்டும்போது சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும், அவசரத்துல கைய வச்சுடாத."

மகளின் அறையில் விசிறி சுற்றவில்லை. நான்கு திருகையும் கழற்றி, டப்பாவைக் கோழிக்குஞ்சைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்தி, ஹாலுக்குக் கொண்டுவந்து அங்கிருந்த பிளக்கில் சொருகினாள். விர்ரென்று சுற்றியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மணி மூன்று. நேரம் இருக்கிறது.

திரும்ப அறைக்குக் கொண்டுபோனாள். மேஜையில் வைத்து, அறைப் பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டாள்.

அசைவில்லை.

"அந்த ரூம் பிளக்தான் கோளாறு" என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். "பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டியா? இருந்தா அதையும் ஹால்ல ஒரு தடவை போட்டுப் பாரேன்."

பழையது ஷூ ராக்கின் மேல் கிடந்தது. கிளிப்பை மாட்டி ஹால் பிளக்கில் போட்டாள். அதுவும் விர்ரென்று சுற்றியது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். சாகவே இல்லை.

ஃபோனில் தம்பி சிரித்தான். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கே. நல்லா இருக்கிற டப்பாவைச் செத்துப்போச்சுன்னு சொல்லிப் புதுசு வாங்க வச்சுட்டேன். அது என்னைக்குக்கா நின்னுச்சு?"

"போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை" என்றாள். சொன்ன பிறகுதான் அது உறைத்தது. வாயாடிக்கு முடியாமல் போனதும் அதே வெள்ளிக்கிழமைதான். அன்று மாலை கட்டிலுக்கு மேலிருந்த சுவர்க்கடிகாரமும் நின்றுபோனது. புது பேட்டரி போட்டும் ஓடவில்லை என்று கணவர் கழற்றி வைத்தார்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"ஹாலிலிருந்து நீள ஒயர் இழுத்து ரூமுக்குள்ள ஓட்டிக்க. எக்ஸ்டென்ஷன் இருக்குல்ல?"

இருந்தது. கணவர் சுவரில் துளைபோடும்போது பயன்படுத்தும் நீளமான ஒயர். அதை ஹாலில் சொருகி, மறுமுனையில் பழைய டப்பாவை மாட்டி, ஓடுகிற விசிறியோடு அதைக் கையில் ஏந்தி அவள் அறையை நோக்கி நடந்தாள். ஃபோன் ஹாலிலேயே, ஸ்பீக்கரில் இருந்தது. நிலைப்படியைத் தாண்டினாள்; சுற்றியது. ஜன்னல் பக்கம் போனாள். விசிறியின் காற்று அவள் மணிக்கட்டில் பட்டது, கரகரப்பு ஒரே சீராகக் கேட்டது. மேஜையை நோக்கித் திரும்பி ஓர் அடி வைத்தாள். சத்தம் தாழ்ந்தது. இன்னும் அரை அடி. இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. இன்னும் ஒரு கை அளவு. நின்றது.

ஒயர் கழன்றுவிட்டதா என்று பார்த்தாள். கழலவில்லை. ஓர் அடி பின்னால் வந்தாள். சுற்றியது.

"இங்க வந்தா நிக்குதுடா" என்று கத்தினாள். குழந்தை எழுந்துவிடுமே என்று உடனே குரலைத் தாழ்த்தி, "தள்ளி வந்தா ஓடுது" என்றாள்.

தம்பி ஏதோ சொன்னான். காதில் சரியாக விழவில்லை.

அவள் விசிறியை முன்னால் நீட்டி, இருட்டில் சுவரைத் தடவுவது போலக் காற்றைத் தடவினாள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் போனால் சுற்றியது. அப்படியென்றால் மேஜை இல்லை. கட்டிலின் கால்மாட்டில் சுற்றியது. தலைமாட்டுக்கு வர வர வேகம் குறைந்தது. தலைமாட்டில், குழந்தையின் தலையணையை ஒட்டி, மெத்தையின் விளிம்பில் நின்றது. அந்த இடத்துக்கு நேர் மேலே கையை உயர்த்தினாள். தன் தோள் உயரம்வரை நின்றே இருந்தது. அதற்கு மேலே தூக்கியதும் மெல்லச் சுற்றியது. கீழே இறக்கினாள். நின்றது.

கட்டில் விளிம்பில் ஓர் ஆள் உட்கார்ந்தால் இருக்கும் உயரம்.

கிறுக்குத்தனம், தூக்கமில்லாத தலை என்னென்னவோ சொல்லும், என்று தனக்கே சொல்லிக்கொண்டு பின்வாங்கி ஜன்னலோடு ஒட்டி நின்றாள். அங்கே விசிறி நன்றாகச் சுற்றியது. உள்ளங்கை வேர்த்து டப்பா வழுக்கியது. வெளியே முதல் மழைத்துளிகள் தகரத்தில் விழும் சத்தம், அதற்கு மேலே விசிறியின் கரகரப்பு, அதற்கும் அடியில் குழந்தையின் மூச்சு. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள்.

மகள் கண்ணைத் திறக்காமல் முனகினாள்.

"தள்ளிப் படும்மா. இடமே இல்ல."

பத்து நாளாக ராத்திரிகளில் அவள் கேட்ட வார்த்தைகள்தான். ஒவ்வொரு முறையும், அரைத்தூக்கத்தில், சரிடா கண்ணு என்று இவள் ஓரமாக நகர்ந்துகொள்வாள். ஒரு நாள் கட்டிலிலிருந்து விழவே போனாள். அப்படியும் இடமில்லை என்று குழந்தை சொல்வது நின்றதில்லை.

இப்போது அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கட்டிலுக்கு எட்டடி தள்ளி.

கையிலிருந்த விசிறியின் வேகம் குறைந்தது.

அவள் நகரவில்லை. ஒரு விரல்கூட அசைக்கவில்லை. சத்தம் தானாகத் தாழ்ந்தது. இறக்கைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது.

குளிர் முகத்தில் பட்டது. காற்றில்லாத குளிர்.

பார்க்கிறது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இறக்கை ஒன்று அசைந்தது. விசிறி மெல்லச் சூடுபிடித்துச் சுற்றத் தொடங்கியது. கட்டிலில் குழந்தை பல் கிட்டி நடுங்கியது. திரும்பிப் போய்விட்டது. அங்கேயே, தலையணை பக்கத்திலேயே.

அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் கால் ஓடியது கதவை நோக்கி அல்ல. கட்டிலுக்குத்தான் பாய்ந்தாள். டப்பாவை இடுப்பில் இடுக்கி, மறு கையால் போர்வையோடு குழந்தையை வாரித் தோளில் போட்டாள். கை அந்தக் குளிருக்குள் முழங்கைவரை போய்த் திரும்பியது. ஒயர் காலில் சுற்ற, இடறி, நிலைப்படியில் தோளை இடித்து, ஹாலுக்கு வந்து விழுந்தாள்.

பின்னால் அறையில் விர்ரென்று ஒரு சத்தம்.

மேஜை மேல் கிளிப்போடு விட்டுவந்த புது டப்பா. சுவிட்ச் போட்டபடியே இருந்தது அது. மூன்று மணியிலிருந்து செத்துக் கிடந்தது. இப்போது தானாக ஓடுகிறது.

ஹாலில் தம்பியின் குரல், "அக்கா, ஓடுதே, சத்தம் கேக்குதே. எதைக் கழட்டினே?" என்றது.

எதைக் கழட்டினதும் ஓடுதோ, அதுதான் கோளாறு. அந்தக் கட்டிலிலிருந்து அவள் எடுத்துவந்தது குழந்தையை மட்டும்தான். இந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. என் பிள்ளை, என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, என்று தோளில் கிடந்த தலையை அழுத்திக்கொண்டாள். முடியில் மருந்து வாசனை அடித்தது.

"அக்கா, எதைக் க..."

ஃபோன் அணைந்தது.

இடுப்பில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். விசிறி நின்றிருந்தது.

கூடவே வந்துவிட்டது.

யாரோடு? குழந்தையோடா? தன்னோடா? கழற்றித்தான் பார்க்க வேண்டும். குழந்தையைச் சோபாவில் படுக்கவைத்தாள். தோளிலிருந்து அந்தச் சின்னக் கையை விடுவிக்க மனசே வரவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். டப்பாவை மார்போடு அணைத்துப் பின்னால் நடந்தாள். ஓர் அடி. நான்கு அடி. ஹாலின் மறுகோடி.

விசிறி சுற்றவில்லை.

அவளுக்கு அழுகை பொங்கிவந்தது. வாழ்க்கையில் எதற்கும் அவள் இப்படி நன்றி சொன்னதில்லை. பிள்ளையோடு இல்லை. என்னோடுதான். கழுத்தின் பின்னால் அந்தக் குளிர், காது மடலில் அந்தக் குளிர், பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் அவள் சிரித்தாள்.

"வா" என்றாள். "என்கூட வா. அவ வேணாம். சின்னப் பிள்ளை, அவகிட்ட என்ன இருக்கு. என்கிட்ட வா."

பின்பக்கமாகவே நடந்து வாசற்கதவைத் திறந்தாள். மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆளில்லை, எதிர்வீட்டுச் சுவரெல்லாம் நனைந்து கறுத்திருந்தது. வாசற்படியின் மேல் நீட்டியிருந்த தளத்துக்கடியில் நின்றாள். சாரல் காலை நனைத்தது. இன்னும் போக வேண்டும், தெருவுக்கு, தெருவைத் தாண்டி, இந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் கால் போகிறதோ அவ்வளவு தூரம். கடைசிப் படியில் ஒயர் விறைத்து இழுத்தது. அதற்கு மேல் வராது.

டப்பாவை விட்டுவிட்டுப் போனால் போகலாம். ஆனால் விட்டுவிட்டால் அது எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

நின்ற விசிறியைப் பார்த்தாள். சுத்தாதே. அப்படியே இரு. ஆறு மணிவரைக்கும் இரு. அவர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகட்டும், அதுவரைக்கும் என்கிட்டயே இரு. பகலெல்லாம் ஓடு ஓடு என்று கெஞ்சிய பொருளிடம் இப்போது அவள் ஓடாதே என்று கெஞ்சினாள். திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது, சோபா தெரிந்தது, போர்வைக்குள் சுருண்ட சின்ன உடம்பு தெரிந்தது. அறையிலிருந்து புது டப்பாவின் விர் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அங்கே எதுவும் இல்லை. நல்லது.

கழுத்தில் குளிர் விட்டது.

முதலில் அதை அவள் நம்பவில்லை. பிறகு காதில். தோளில். மழைக்காற்று இதமாக வந்து பட்டது.

வேண்டாம்.

ஓர் இறக்கை அசைந்தது.

வேண்டாம், வேண்டாம்.

விசிறி சுற்றியது. கரகரவென்று வேகமெடுத்து, அவள் ஈர விரல்களில் காற்றை வீசி, முழு மூச்சாகச் சுற்றியது.

அறையில் ஒரு விசிறி ஓடுகிறது. வாசலில் ஒன்று ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் சோபா.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். கண் மூடியே இருந்தது. போர்வை இடுப்புவரை நழுவியது. தூங்கி வழிகிற பிள்ளைகளுக்குச் சாய்வது போலத் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. தலையணை இல்லை, சோபாவின் கைப்பிடிகூட எட்டாத தூரம்.

சாய்ந்த தலை விழவில்லை. கன்னம் லேசாக அமுங்கி, ஒரு தோளின் மேல் இருப்பது போல, வெறும் காற்றில் அப்படியே இருந்தது.